சர்க்கார் எங்கள் பங்காளி அல்ல

‘மீட்பு’ என்ற சொல்லை இன்றைக்கு இரண்டு தரப்பு பயன்படுத்துகிறது. நாம் ‘பஞ்சமி நில மீட்பு’ என்கிறோம். வருவாய்த்துறை ‘அரசு நில மீட்பு’ என்கிறது. பத்திரிகையில் படம் வரும். முன்னால் ஒரு ஜே.சி.பி., பக்கத்தில் தாசில்தார், பின்னால் நாலு போலீஸ்காரர்கள், கீழே ‘இத்தனை கோடி மதிப்புள்ள அரசு நிலம் மீட்கப்பட்டது’ என்று ஒரு வரி. யாரிடமிருந்து மீட்டார்கள் என்பது செய்தியில் இருக்கும். யாருக்காக மீட்டார்கள் என்பது இருக்காது. அந்த நிலம் அரசுக்கு எப்படி வந்தது என்பது இருக்கவே இருக்காது. ஆகாயத்திலிருந்து விழுந்த மாதிரிதான்.

பஞ்சமி நிலத்தை ஆதிக்க சாதிகள் பிடுங்கிக்கொண்ட கதையை நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இன்னும் பேசத்தான் வேண்டும். ஆனால் ஊர்க்காரன் கையில் இல்லாமல், சேரிக்காரன் கையிலும் இல்லாமல், ‘அரசு’ என்ற பெயரில் கணக்கேறிக் கிடக்கிற நிலம் ஒன்று இருக்கிறது. நிபந்தனையை மீறிவிட்டாய் என்று சொல்லிப் பறித்தது பாதி. பேனா வழுக்கி எழுதியது மீதி. இந்த நிலத்தைப் பற்றிப் பேசும்போது நம் தோழர்களே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். ‘அரசுகிட்டதானே தோழர் இருக்கு, பத்திரமா இருக்கும், கேட்டு வாங்கிக்கலாம்’ என்கிறார்கள். அந்த ‘பத்திரமா’ என்ற வார்த்தையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ‘ஒப்படை’. வருவாய்த்துறைத் தமிழில் நிலம் கொடுப்பதற்கு ‘நில ஒப்படை’ என்று பெயர். தமிழ் படித்தவன் என்பதால் எனக்கு இந்தச் சொல்லின் மேல் ஒரு கண். தானம் செய்தேன், ஈந்தேன், வழங்கினேன் என்பதெல்லாம் வேறு. ஒருவருக்கு உரியதை அவர் கையில் சேர்ப்பதைத்தான் ஒப்படைப்பது என்போம். பொருளை ஒப்படை, பிள்ளையை ஒப்படை, சாவியை ஒப்படை. அரசு தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட சொல் அது. இதே துறையில் ‘அனாதீனம்’ என்றொரு சொல்லும் இருக்கிறது. யாருக்கும் அதீனப்படாதது, உரிமை கொண்டாட ஆளில்லாதது என்று பொருள். எங்கள் பக்கம் அதை ‘அனாதை நெலம்’ என்பார்கள். சனங்கள் சொல்வதுதான் சரி. ஆத்தாள் அப்பன் உயிரோடு இருக்கும்போதே பிள்ளையை அனாதை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ‘புறம்போக்கு’ என்ற சொல் தெருவில் வசவாகிப் போனதைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பத்தியில் யார் நிலம் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கத்தான் ஆளில்லை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதழின் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர் பறையர்களின் நிலைமையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். மிராசுதார்கள் எப்படித் தரிசு நிலத்தைக்கூட சேரிக்காரனுக்குப் போகவிடாமல் தடுத்தார்கள், தர்காஸ்து போட்டால் எப்படி எதிர்த்து நின்றார்கள், குடியிருக்கும் மனைகூட எப்படி இவர்களுக்குச் சொந்தமில்லை என்பதையெல்லாம் ஒரு வெள்ளைக்காரன் எழுதித்தான் அரசாங்கத்துக்குத் தெரிந்தது. 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010 எண் வருவாய்த்துறை அரசாணை அதன் விளைவு. பிறகு 1920களில் லேபர் கமிஷனர் துறை வந்தது. நிலங்கள் ‘டி.சி. நிலம்’ என்ற பெயரில் கணக்கேறின. சென்னை மாகாணத்தில் மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லிவருகின்றன. இந்தக் கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பு யாருடைய அலமாரியில் ஏடுகள் இருக்கின்றனவோ அவர்களுடையது. ஏடுகளைப் பூட்டி வைத்துக்கொண்டு ‘12 லட்சத்துக்கு ஆதாரம் காட்டு’ என்று நம்மிடம் கேட்பது வேடிக்கை.

நிபந்தனைகளுக்கு வருவோம். முதல் பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்கலாம். மீறினால் அந்தக் கைமாற்றம் செல்லாது, அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், வாங்கியவனுக்கு நஷ்டஈடு கிடையாது. இந்த நிபந்தனைகள் யாருக்கு எதிராகப் போடப்பட்டவை? சேரிக்காரன் கடன்பட்டால், கல்யாணம் காரியம் என்று கை நீட்டினால், அதைச் சாக்காக வைத்து நிலத்தை எழுதி வாங்கிக்கொள்ளும் மிராசுக்கு எதிராகப் போட்டவை. வேலி அவனைத் தடுக்கப் போட்டது. ஆனால் நடைமுறையில் அந்த வேலிக்குள் மாட்டிக்கொண்டது யார்? மிராசு கிரயம் வாங்கினான், அனுபவித்தான், பேரனுக்கும் பாகம் பிரித்தான். ‘நிபந்தனை மீறல்’ என்ற குற்றப் பெயர் மட்டும் நிலத்துக்கு உரியவன் மேல் வந்து உட்கார்ந்தது. தண்டனையும் அவனுக்குத்தான். திருட்டுக் கொடுத்தவனைப் பார்த்து ‘நீ பத்திரமா வச்சிக்கல, அதனால பறிமுதல்’ என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

எங்கள் குடும்பத்துக் கதையைச் சொல்கிறேன். செங்கல்பட்டுச் சீமையில் ஏரிக்கரைக்கு மேற்கே மேட்டு நிலம் 1 ஏக்கர் 32 சென்ட். தாத்தாவின் அப்பாவுக்கு டி.சி. நிபந்தனையில் கொடுத்தது. பாறை உடைத்து, காரைச் செடி வெட்டி, இரண்டு தலைமுறை பாடுபட்டு அதைக் கடலை விளையும் நிலமாக்கினார்கள். தாத்தா வருஷத்தில் நாலு மாசம் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போவார். மேட்டு நிலத்தை மட்டும் நம்பி எந்தச் சேரிக் குடும்பமும் வருஷம் முழுக்கச் சோறு தின்றதில்லை. 1971இல் ஓர் உத்தரவு வந்தது. தொடர்ந்து மூன்று பசலி பயிர் வைக்காமல் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டார், நிபந்தனை மீறல், ஆகவே நிலம் சர்க்கார் வசம். முன்னறிவிப்பு கொடுத்ததற்குச் சாட்சியாக ‘ஆள் இல்லாததால் கதவில் ஒட்டப்பட்டது’ என்று ஏட்டில் எழுதியிருக்கிறது. எங்கள் ஆயாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘கதவு ஏதுடா நமக்கு? அப்ப தட்டிதானே கட்டியிருந்தோம்’ என்றது.

தகரப் பெட்டியில் இன்னொரு காகிதமும் இருந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் கடலைக்கடன் கேட்பதற்காக அந்தக் காலத்திலேயே தாத்தா வாங்கி வைத்த அடங்கல் நகல். பசலி 1379, வேர்க்கடலை. பசலி 1380, வேர்க்கடலை. பயிர் செய்தவர் பத்தியில் தாத்தா பெயர். பசலி 1380 என்றால் 1970 ஜூலையிலிருந்து 1971 ஜூன் வரை. அதாவது எந்த வருஷங்களில் நிலம் தரிசாகக் கிடந்தது என்று உத்தரவு சொல்கிறதோ, அதே வருஷங்களில் அந்த நிலத்தில் கடலை விளைந்ததாக அரசாங்கத்தின் இன்னொரு ஏடு சொல்கிறது. அடங்கல் எழுதியதும் கர்ணம்தான், தரிசு என்று அறிக்கை கொடுத்ததும் அதே கர்ணம்தான். கிஸ்தி ரசீதும் இருக்கிறது. இல்லாத பயிருக்கு எங்கள் தாத்தா தீர்வை கட்டினார் என்று நம்பச் சொல்கிறார்கள்.

சரி, சர்க்கார் எடுத்துக்கொண்ட நிலம் என்ன ஆனது? இதுதான் கேட்கவேண்டிய கேள்வி. இரண்டு வருஷத்தில் ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் அதில் ஏர் பூட்டினார். ஆக்கிரமிப்பு என்று அவருக்கு ‘பி மெமோ’ போட்டார்கள். அவர் அபராதம் கட்டினார். அடுத்த வருஷமும் மெமோ, அடுத்த வருஷமும் அபராதம். வாசகர்களில் நகரத்து மாணவர்கள் இருப்பீர்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். 1905ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அரசு நிலத்தில் அத்துமீறுகிறவரை வெளியேற்ற வேண்டும். கிராமத்தில் பி மெமோ என்பது வெளியேற்றுவதற்கான முதல்படியாக இருப்பதில்லை, அனுபவத்துக்கான அத்தாட்சியாக இருக்கிறது. பெரிய வீட்டுக்காரர்கள் பி மெமோ ரசீதுகளை நூல் கோத்து வைத்திருப்பார்கள். சேரிக்காரன் பட்டா வைத்திருந்தும் நிலம் போனது. ஊர்க்காரன் அபராத ரசீது வைத்துக்கொண்டு நிலம் ஆண்டான். இடையில் சர்க்கார் ஒரு தரகன் வேலை பார்த்தது, அவ்வளவுதான். நேரடியாகச் சேரியிலிருந்து ஊருக்குக் கைமாற்ற நிபந்தனை இடம் கொடுக்கவில்லை. அதனால் சர்க்கார் கணக்கில் ஒரு குளியல் போட்டு எடுத்தார்கள்.

இதெல்லாம் ஒரு குடும்பத்தின் கதை, இதை வைத்து மொத்தத்தையும் பேசலாமா என்று கேட்கலாம். எங்கள் சேரியில் மட்டும் எட்டுக் குடும்பங்கள் இப்படி இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காரணம் எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்குத் தரிசு, ஒருவருக்குக் கிஸ்தி பாக்கி, ஒருவருக்கு வாரிசு இல்லை. வாரிசு இல்லாதவராக எழுதப்பட்டவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். மூன்று பேரும் உயிரோடு இருக்கிறார்கள். பெண் வாரிசு கர்ணத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை.

அடுத்த கூத்து யு.டி.ஆர். நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் என்று பெயர். 1979இல் தொடங்கி 1980களில் ஊர் ஊராக நடந்தது. பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்ததும் இதே காலத்தில்தான். நல்ல காரியம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பதவி போனதே ஒழிய அவர்கள் எழுதிய ஏடு போகவில்லை. அந்த ஏட்டைப் பார்த்துத்தான் புது ஏடு எழுதினார்கள். எழுதும்போது எங்கள் ஊர்க் கணக்கில் நடந்தது இது. பழைய பதிவேட்டில் குறிப்புப் பத்தியில் இருந்த ‘டி.சி. நிபந்தனை’ என்ற வார்த்தை புதுப் பதிவேட்டில் காணோம். பெயர் இருந்த இடங்களில் சிலவற்றில் வேறு பெயர். சிலவற்றில் ‘அரசு’. சிலவற்றில் ‘அனாதீனம்’. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. யு.டி.ஆரில் இருந்ததுதான் கம்ப்யூட்டருக்குள் போனது. இன்றைக்குக் கைபேசியில் சர்வே எண்ணைத் தட்டினால் ‘அரசு நிலம்’ என்று பளிச்சென்று வருகிறது. நூறு வருஷத்து அநியாயம் ஒரு நொடியில் திரையில் தெரிகிற அளவுக்கு முன்னேறியிருக்கிறோம்.

இதை அதிகாரிகள் ‘தவறு’ என்பார்கள். ‘எழுத்துப் பிழைப்பா, யு.டி.ஆர்.ல எல்லாருக்கும் ஆனதுதான்.’ உண்மைதான், எல்லாருக்கும் ஆனது. பெயரில் பிழை, பரப்பில் பிழை, உட்பிரிவில் பிழை என்று ஊரில் பாதிப் பேருக்கு ஆனது. அவர்கள் மனுக் கொடுத்தார்கள், மாவட்ட வருவாய் அலுவலர் விசாரித்தார், திருத்தினார். யு.டி.ஆர். பிழையைத் திருத்த ஒரு வழி இருக்கிறது என்று அரசே சொல்கிறது. நாங்களும் அதே வழியில்தான் போனோம். பெயர் சொல்ல விரும்பாத ஒரு தாலுகா ஆபீசில் எங்களுக்குக் கிடைத்த பதில்: ‘உங்களது பிழை திருத்தம் இல்லை. அரசு நிலத்துக்கு உரிமை கோருவது.’ பார்த்தீர்களா? தனியார் பெயரில் தவறாக ஏறினால் அது பிழை. அரசு பெயரில் தவறாக ஏறினால் அது அரசுச் சொத்து. ஒரு பிழை எந்தப் பக்கம் சாய்ந்து விழுகிறது என்று பார்த்தால் போதும், அது பிழைதானா என்று தெரிந்துவிடும். எங்கள் ஊர்க் கணக்கில் ஊர்க்காரன் நிலம் தவறிப்போய்ச் சேரிக்காரன் பெயரில் ஏறிய பதிவு ஒன்றாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

பிறகு சான்றுகள். தாத்தாவின் அப்பா செத்ததற்குச் சான்று. அவர் செத்தது சுதந்திரத்துக்கு முன்னால். சுடுகாட்டுக்குப் பாதையே இல்லாமல் வரப்பு மேல் பிணம் தூக்கிய சேரியில், சாவைப் பதிவு செய்ய யார் வந்தார்கள்? வாரிசுச் சான்று. பழைய ஏட்டில் ஒரே பெயரில் ஆறு பேர் இருக்கிறார்கள். தகப்பன் பெயர் எழுதவில்லை, சாதிப் பெயரை மட்டும் பெயரோடு ஒட்டி எழுதியிருக்கிறான். ‘இதுல உங்க தாத்தா எவரு?’ என்று எங்களைக் கேட்கிறார்கள். எங்களுக்குப் பெயர் தேவையில்லை, சாதி போதும் என்று முடிவு செய்து எழுதியவன் நீ. அந்த எழுத்தின் குறையை நிரப்ப வேண்டியவன் நானா? எந்தத் தரப்பு ஏட்டைக் கையில் வைத்திருந்ததோ, எந்தத் தரப்பு உத்தரவு போட்டதோ, அந்தத் தரப்பு அல்லவா தன் உத்தரவு சரியானது என்று நிரூபிக்க வேண்டும்?

பெரியப்பா ஒரு ஜமாபந்தியில் நேராகக் கேட்டார். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். பழைய காகிதங்களை எல்லாம் பார்த்தார். பார்த்துவிட்டு, ‘பெரியவரே, இதெல்லாம் கிளறிக்கிட்டு இருந்தா உங்க காலத்துல முடியாது. வீடு இல்லாதவங்கன்னு ஒரு மனு குடுங்க, ஆளுக்கு 3 சென்ட் மனைப்பட்டா நான் ஏற்பாடு பண்றேன்’ என்றார். வீட்டுக்கு வந்து சொன்னபோது ஆயா கேட்டது: ‘எங்க நெலத்துல எங்களுக்கே தானமாடா?’

நல்ல அதிகாரி என்று சொன்னேன். கெட்ட அதிகாரியோடு சண்டை போடுவது எளிது. இந்த நல்லவர்களின் கருணைதான் நம்மை முடிக்கிறது. 1 ஏக்கர் 32 சென்ட்டுக்கு உரியவனை 3 சென்ட்டுக்குக் கையேந்த வைத்து, அதற்கு நன்றியும் வாங்கிக்கொள்கிற ஏற்பாடு இது. ‘நலத்திட்டம்’ என்ற கதையாடலுக்குள் நுழைந்துவிட்டால் உரிமை என்ற பேச்சே அடிபட்டுப் போகிறது. பட்டா வழங்கும் விழா என்று பந்தல் போடுகிறார்கள். மந்திரி கொடுக்கிறார், நாம் குனிந்து வாங்குகிறோம், படம் எடுக்கிறார்கள்.

பக்கத்து மாநிலத்தில் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். கர்நாடகத்தில் 1978இல் ஒரு சட்டம் போட்டார்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அரசு கொடுத்த நிலம் நிபந்தனையை மீறிக் கைமாறியிருந்தால் அந்தக் கைமாற்றம் செல்லாது. இவ்வளவு நம் ஊர் நிபந்தனையிலும் இருக்கிறது. அதற்கு அடுத்த படிதான் முக்கியம். உதவி ஆணையர் நிலத்தைக் கைப்பற்றி, முதலில் பெற்றவருக்கோ அவருடைய வாரிசுக்கோ திருப்பித் தர வேண்டும். அப்படித் தருவது நடைமுறையில் முடியாது என்றால் மட்டுமே நிலம் அரசுக்குப் போகும். அப்போதும் அரசு அதைப் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கே கொடுக்கலாம். நிலம் வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? வழக்குப் போட்டார்கள். 1984இல் மஞ்சேகவுடா வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. பிறகு 2017இல் வேறொரு வழக்கில், நியாயமான காலத்துக்குள் கேட்கவில்லை என்றால் மீட்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. அதைக் காட்டி மனுக்கள் தள்ளுபடியாயின. அங்கேயுள்ள தலித் இயக்கங்கள் விடவில்லை. 2023இல் கர்நாடகச் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தி, இதற்குக் காலக்கெடு எதுவும் கிடையாது என்று எழுதியது. அந்தச் சட்டத்தாலும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் வரிசையைப் பாருங்கள். முதலில் உரியவர், பிறகு வாரிசு, அவர்கள் இல்லாவிட்டால்தான் அரசு. நம் ஊரில் முதலிலேயே அரசு. பிறகும் அரசு.

தமிழ்நாட்டில் இப்படி ஒரு தனிச்சட்டம் கிடையாது. வருவாய் நிலையாணைகளும் அரசாணைகளும்தான் இருக்கின்றன. பஞ்சமி நிலம் தலித் அல்லாதாருக்குக் கைமாறினால் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2011இல் நீதிபதி மருதமுத்து தலைமையில் குழுவும் போட்டார்கள். சமூக நீதி பேசி ஆட்சிக்கு வந்தவர்கள் ஐம்பது வருஷத்துக்கு மேல் மாறி மாறி ஆண்டும், திருப்பித் தரும் கடமையைச் சட்டமாக எழுத ஒரு நாள் கிடைக்கவில்லை. குழு போட நாள் கிடைத்தது.

மராட்டியத்தையும் சொல்ல வேண்டும், எச்சரிக்கைக்காக. மகர்களின் வதன் நிலத்தைப் பற்றி அம்பேத்கர் 1928லேயே பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். அடிமை ஊழியத்துக்குக் கூலியாகக் கட்டிப்போடப்பட்ட நிலத்தை, ஊழியத்திலிருந்து அவிழ்த்து உழைத்தவனுக்குச் சொந்தமாக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. கடைசியில் 1958இல் வதனை ஒழிக்கச் சட்டம் வந்தபோது நிலத்தை முதலில் அரசு எடுத்துக்கொண்டது. குறிப்பிட்ட தொகையைக் கெடுவுக்குள் கட்டினால் திரும்பக் கிடைக்கும் என்றது. அன்றாடம் கூலிக்குப் போகிறவனுக்குக் கெடு தெரியுமா, தொகைதான் இருக்குமா? கட்டாதவன் தன் நிலத்திலேயே அத்துமீறியவன் ஆனான். ஒழிப்பு என்ற நல்ல பெயரில்கூட நிலம் எப்படிச் சர்க்காரிடம் போய் மாட்டிக்கொள்ளும் என்பதற்கு இது பாடம்.

நம் இடதுசாரி நண்பர் ஒருவரோடு இதைப் பற்றி இரவெல்லாம் விவாதித்தேன். அவர் சொன்னார்: ‘அரசு நிலம் என்பது பொது நிலம். அதைத் தனியாருக்கு மீட்டுக் கொடுப்பது சொத்துடைமையை வலுப்படுத்துவது ஆகாதா?’ கேட்க நன்றாக இருக்கிறது. பொது என்றால் யாருடைய பொது? ஊர்ப் பொதுக்கிணறு, ஊர்ப் பொதுக்கோயில், ஊர்ப் பொதுச்சுடுகாடு எல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ‘பொது’ என்று எழுதிய இடத்திலெல்லாம் வெளியே நின்றவனிடம் வந்து, உன் 1 ஏக்கரிலிருந்து பொதுவுடைமையைத் தொடங்குவோம் என்பது என்ன தத்துவம்? மடங்கள், அறக்கட்டளைகள், பினாமித் தோப்புகள் இருக்கின்றன. அங்கே தொடங்குங்கள், நாங்களும் கொடி பிடிக்கிறோம்.

இன்னொரு கேள்வி நமக்குள்ளேயே இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. வாரிசுக்கே திருப்பித் தர வேண்டும் என்றால், அன்றைக்கே நிலம் கிடைக்காத சேரிக்காரர்களுக்கு என்ன? அருந்ததியர் தோழர்கள் இதைக் கேட்கிறார்கள், கேட்க உரிமையுள்ளவர்கள். நிலமில்லாத எல்லாத் தலித்துக்கும் நிலம் என்பது தனிப் போராட்டம். அதற்குத் தரிசு இருக்கிறது, உச்சவரம்புக்கு மேல் ஒளித்து வைத்த நிலம் இருக்கிறது. அந்தக் கோரிக்கையைக் காட்டி இந்தக் கடனை அடைக்காமல் விடுவது சர்க்காருக்குத்தான் வசதி. வாரிசே இல்லாத நிலம் என்றால் அந்தச் சேரியில் நிலமில்லாதவருக்குப் போகட்டும், அதில் அருந்ததியர் முதலில் நிற்கட்டும். வாரிசு இருக்கும் நிலம் வாரிசுக்கு. பட்டாவில் பெண்கள் பெயரும் இருக்க வேண்டும். அந்த மூன்று பெண்களின் கதையை மேலே சொன்னேன்.

1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். காரணை பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டம் அது. அப்போது நான் கைக்குழந்தை. எங்கள் சேரியிலிருந்து போனவர்கள் திரும்பி வந்து சொன்னதைக் கேட்டு வளர்ந்தேன். நிலத்தைக் கேட்டவன் மேல் குண்டு வந்தது என்பதை மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். யாரிடம் கேட்டோம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கேட்டது சர்க்காரிடம். சுட்டதும் சர்க்கார்.

ஒரு குடும்பத்தில் ஆள் இல்லாமல் போனால் சொத்து பங்காளிக்குப் போகும். சர்க்கார் எங்களுக்கு எந்த வகையில் பங்காளி? எங்கள் சாவுக்குத் தீட்டுக் காத்ததா, கொள்ளி வைத்ததா, கல்லெடுப்பில் கல் சுமந்ததா? காவலுக்கு வைத்தவன், அவ்வளவுதான். காவல்காரன் நிலத்தில் பெயர்ப்பலகை நட்டிருக்கிறான். எங்கள் 1 ஏக்கர் 32 சென்ட்டில் இப்போது பாதி பெரிய வீட்டுக்காரரின் மாந்தோப்பு. மீதிப் பாதியில் ‘இது அரசு நிலம், அத்துமீறி நுழைபவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற பலகை. மாந்தோப்பில் பலகை இல்லை.

இதைப் படிக்கிற மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கிஸ்தி ரசீது, அடங்கல் நகல், பழைய டி.சி. பட்டா எது கிடைத்தாலும் நகல் எடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, யு.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். இப்போதைய பதிவேட்டை மட்டும் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள், வாங்கிக்கொண்டு வராதீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, குறிப்புப் பத்தியைப் படியுங்கள். நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்ட உத்தரவின் நகலைக் கேளுங்கள். முன்னறிவிப்பு யாரிடம், எப்படிக் கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். வயசானவர்களிடம் பேசி எழுதி வையுங்கள். அவர்கள் போய்விட்டால் எந்த மரம் யார் வைத்தது என்று சொல்ல ஆள் இல்லை.

இந்த வைகாசியில் எங்கள் வட்டத்தில் ஜமாபந்தி. எட்டுக் குடும்பமும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுக்கிறோம். மனு எழுதித் தரச் சொல்லி ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் முதலில் போனோம். அவர் பழக்கத்தில் ‘ஏழை எளியவர்களாகிய எங்களுக்கு நிலம் வழங்கி உதவுமாறு தாழ்மையுடன்’ என்று எழுதிக் கொடுத்தார். ராத்திரி சேரியில் எல்லோரும் உட்கார்ந்து அதை வாசித்தோம். ‘ஏழை எளியவர்களாகிய’ என்பதை ஆயா அடிக்கச் சொன்னது. ‘தாழ்மையுடன்’ என்பதைப் பெரியப்பா அடித்தார். ‘வழங்கி’ என்ற சொல்லை நான் அடித்தேன். அந்த இடத்தில் ‘எங்களிடமிருந்து தவறாக எடுத்த நிலத்தை எங்களிடம் ஒப்படைத்து, தவறாக எழுதிய கணக்கைத் திருத்த வேண்டும்’ என்று எழுதி, கீழே எட்டுக் குடும்பத்துப் பெண்களும் ஆண்களும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்திருக்கிறோம்.